பாடசாலைக்கு நான் கொடுத்த கசெட்

பழைய கார்ட்டூன் படங்களில் கறுத்த மனிதர்களைத் தடித்த உதடும் தலையில் எலும்புமாக வரைந்திருப்பதை இன்றைய பிள்ளைகளுக்குக் காட்டலாமா கூடாதா என்று தொலைக்காட்சியில் அடிக்கடி விவாதம் நடக்கிறது. படித்த நாலு பேர் தண்ணீர்க் கிளாசுகளுக்கு முன்னால் உட்கார்ந்து பேசுவார்கள். ஒருவர் அது வரலாறு என்பார். இன்னொருவர் அது நஞ்சு என்பார். நான் வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். இதே கேள்வியை என்னிடமும் ஒரு தடவை கேட்டார்கள், ஒரு வகுப்பறையில், பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் நான் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தபோது. அன்று நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே நாலு அறை விட வேண்டும் போலிருக்கும்.

நான் கோபக்காரி. என் வீட்டுச் சட்டி பானைகளுக்கெல்லாம் அது தெரியும். கணவரோடு சண்டை பிடித்து மூன்று நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். ஆனால் ஜெர்மன்காரர் ஒருவர் முன்னால் வந்து நின்றால் அந்தக் கோபம் எங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்று எனக்கே தெரியாது. வாய் தானாகச் சிரிக்கும். தலை தானாக ஆடும். கையில் இருந்த விசாத்தாள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிற விசாத்தாள் என்பதால் அப்படிப் பழகிவிட்டேன் என்று சொல்லலாம். அது முழுக் காரணமும் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் டோட்முண்டுக்குக் கிழக்கே ஒரு சின்ன நகரத்தில் அகதிகளுக்கான விடுதியில் இருந்தோம். ஒரு மாடிக்கு ஒரு சமையலறை. எங்கள் அறையில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. பழைய சாமான்களைத் தெருவில் வைக்கும் நாளொன்றில் கணவரும் இன்னொரு அண்ணையும் தோளில் தூக்கிக்கொண்டு வந்தது. வீடியோ டெக்கை, கனடாவுக்குப் போன ஒரு குடும்பம் விட்டுப் போயிருந்தது. மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவளுக்கு ஜெர்மன் சொல்லிக் கொடுக்க எங்களால் ஏலாது. அந்தப் பெட்டிதான் சொல்லிக் கொடுக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஞாயிறு காலையில் பழைய கார்ட்டூன்கள் போடுவார்கள். கணவர் உணவகமொன்றில் கோப்பை கழுவிவிட்டு வந்து களைத்துத் தூங்குவார். நான் ரிமோட்டைக் கையில் பிடித்தபடி டெக்குக்கு முன்னால் குந்தியிருப்பேன். விளம்பரம் வந்தால் நிறுத்துவேன், படம் தொடங்கினால் பதிவுப் பொத்தானை அமத்துவேன். ஒரு நொடி பிந்தாமல் முந்தாமல் விளம்பரத்தை வெட்டுவதில் அந்த விடுதியில் என்னை அடிக்க ஆளில்லை. மற்றத் தாய்மார் தங்கள் கசெட்டுகளையும் என்னிடம் கொண்டுவந்து தருவார்கள். ஊரில் வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தவள், இங்கே அதில்தான் முதலாம் பிள்ளையாக இருந்தேன்.

புதுக் கசெட் வாங்கிப் பதிவு செய்கிற வழக்கம் எங்கள் ஆட்களிடம் இல்லை. எந்தக் கசெட்டிலும் ஏற்கெனவே ஏதாவது இருக்கும். கல்யாணம், பிறந்தநாள், கடையில் வாடகைக்கு எடுத்துக் கொப்பி அடித்த சினிமா. இருப்பது அழியக் கூடாது என்று ஒருவர் உடைத்துவிட்ட கசெட்டின் மூலைத் தகட்டில் இன்னொருவர் செலோடேப் ஒட்டி, அதன் மேலேயே அடுத்ததைப் பதிவார். என் கார்ட்டூன் கசெட்டும் அப்படித்தான். முதலில் அதில் இருந்தது எங்கள் விடுதிப் பொங்கல். கனடாவில் இருக்கும் என் தமக்கைக்கு அனுப்புவதற்காக ஒரு அண்ணை வாடகைக் கமெரா கொண்டுவந்து எடுத்தது. நல்ல கொப்பி தமக்கைக்குப் போய்விட்டது. என்னிடம் கிடந்த மற்றதன் மேல் நான் கார்ட்டூனைப் பதிந்தேன். முக்கால்வாசி நிரம்பியதும் நிறுத்திவிட்டேன்.

கடைசியாகப் பதிந்த கார்ட்டூன் எங்கள் எல்லோருக்கும் பிடித்தது. மாலுமித் தொப்பி போட்ட ஓர் ஆட்டுக்குட்டியின் கப்பல் உடைந்து ஒரு தீவில் ஒதுங்குகிறது. கரியைப் போன்ற கறுப்பு ஆட்கள், இலைப் பாவாடை, தலையில் எலும்பு, வெள்ளைத் தட்டு மாதிரிக் கண்கள், சிவப்புப் பூசணி மாதிரி உதடு. ஆட்டுக்குட்டியைப் பிடித்துப் பெரிய பானையில் போட்டு, பானையைச் சுற்றிச் சுற்றி ஆடுகிறார்கள். அது தந்திரம் செய்து தப்பி ஓட, கறுப்பு ராசா தானே பானைக்குள் விழுகிறார். விழுந்து விழுந்து சிரிப்போம். "ஆட்டைக் கண்டால் கறி வைக்காமல் கையெடுத்துக் கும்பிடுறதோ? அவை செய்ததில என்ன பிழை?" என்று கணவர் கேட்பார். மகளுக்குக் கண்ணில் தண்ணீர் வரும்.

அதே மாடியில் கானா நாட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் என் மகள் வயதில் ஒரு மகன். நானும் அவளும் சமையலறையில் கையையும் முகத்தையும் வைத்துக் கதைப்போம், அதிலேயே நன்றாகச் சிரிப்போம். ஒரு நாள் தேநீர் குடிக்க எங்கள் அறைக்கு வந்தாள். பிள்ளைகள் இரண்டும் அந்த ஆட்டுக்குட்டிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கோப்பையை வைத்துவிட்டு மகனின் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

எனக்குச் சரியான கோபம். ஊற்றிக் கொடுத்த தேநீரைக் குடிக்காமல் போவதென்றால் எங்கள் ஆட்களுக்கு அது எவ்வளவு பெரிய அவமதிப்பு. "உவ ஏன் இப்பிடி முகத்தை நீட்டிக்கொண்டு போறா? ஒரு பகிடிப் படம் தானே" என்று கணவரிடம் பொரிந்து தள்ளினேன்.

"அது காப்பிலியளைத் தானே காட்டுது. அதுதான் அவவுக்குச் சுட்டிருக்கு," என்றார் அவர். "எங்களை இல்லைத் தானே. நீர் விடும்."

எங்களை இல்லை. அந்தப் பேச்சு எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று இன்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கறுத்த ஆட்களை இழிவாகச் சொல்லும் அந்தச் சொல்லைக்கூட நாங்கள் எவ்வளவு இலகுவாகச் சொன்னோம். அவளோடு பிறகு நான் சரியாகக் கதைக்கவில்லை. சில மாதங்களில் அவளை வேறு நகரத்துக்கு மாற்றிவிட்டார்கள். பஸ்ஸில் ஏறும்போது எனக்குக் கை காட்டினாள். நான் பார்க்காத மாதிரி நின்றேன்.

மகளுக்குப் பாடசாலை தொடங்கும்போது எங்களுக்கு இரண்டு அறை வீடு கிடைத்தது. முதலாம் வகுப்பிலிருந்து நாலாம் வகுப்புவரை ஒரே ஆசிரியைதான், ஐம்பது வயதைத் தாண்டியவர், நல்ல மனிதர். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் கெட்டவர் என்று ஒருவரையும் காட்ட என்னால் ஏலாது. மகளுக்குப் பனிக்காலச் சப்பாத்து இல்லை என்று கண்டு, தன் பேத்தியுடையதைச் சுத்தம் செய்து கொண்டுவந்து கொடுத்தவர். எங்கள் தஞ்ச விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு வழக்கில் இருந்தது. பிள்ளை நன்றாகப் படிக்கிறாள், வகுப்பில் ஒட்டிவிட்டாள் என்று பாடசாலையில் இருந்து ஒரு கடிதம் வந்தால் உதவும் என்று எங்கள் வழக்கறிஞர் சொல்லியிருந்தார். தானே எழுதித் தருவதாக அந்த ஆசிரியை சொன்னார்.

கோடை விடுமுறைக்கு முந்திய வாரம் வகுப்பில் ஒரு கார்ட்டூன் நாள் வைத்தார்கள். பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நல்ல கசெட்டைக் கொண்டுவரலாம். என் மகள் கையை உயர்த்தி, எங்கள் வீட்டில் விளம்பரமே இல்லாத கசெட் இருக்கிறது, அம்மா செய்தது என்று சொல்லியிருக்கிறாள். அன்று வீட்டுக்கு ஓடிவந்தாள். "அம்மா, ரீச்சர் எங்கட கசெட்டைக் கேக்கிறா! எங்கடையைத் தான்!" அதற்கு முந்திய பாடசாலை விழாவில் நான் விடிய எழும்பிப் பொரித்துக் கொடுத்த ரோல்ஸ் அப்படியே திரும்பி வந்திருந்தது. இப்போதுதான் எங்கள் வீட்டில் இருக்கும் ஒன்று அந்தப் பாடசாலைக்குத் தேவைப்பட்டது. கசெட்டைத் துணியால் துடைத்து, பூப் போட்ட கடதாசியில் சுற்றிக் கொடுத்தேன்.

கடைசியில் என்ன இருக்கிறது என்று நான் யோசிக்கவே இல்லை. வீட்டில் ஆட்டுக்குட்டி முடிந்ததும் நிறுத்திவிடுவோம். நிறுத்தி நிறுத்தி, அதற்குப் பிறகு ஒன்று இருக்கிறது என்பதே மறந்துவிட்டது.

மத்தியானம் மகளைக் கூட்டிவரப் போனேன். வகுப்புக் கதவு திறந்திருந்தது, திரைச்சீலை மூடியிருந்தது. ஆசிரியை என்னைக் கண்டு வெளியே வந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்து, "எவ்வளவு அழகான படங்கள்! நான் சின்னப் பிள்ளையில் பார்த்தவை!" என்றார். ஆட்டுக்குட்டி முடிகிற இசை கேட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். உள்ளே கசெட் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு முழு வகுப்பும் சிரித்தது.

நான் எட்டிப் பார்த்தேன். திரையில் நான் நின்றேன்.

விடுதி முற்றம். சுற்றிவரப் பனி. மூன்று செங்கல்லின் மேல் பானை, கீழே புகை. ஆண்கள் வேட்டிக்கு மேல் தடித்த ஜாக்கெட் போட்டு நிற்கிறார்கள். நான் முழுகிய தலைமுடியை விரித்தபடி, இரண்டு கையிலும் அரிசியை ஏந்தி, பானைக்கு மேலே மூன்று தரம் சுற்றிப் போடுகிறேன். அடுத்து இன்னொரு அக்கா சுற்றுகிறாள். அடுத்து ஒரு அண்ணை. பால் பொங்கி வழிய எல்லோரும் சேர்ந்து "பொங்கலோ பொங்கல்!" என்று கத்துகிறோம். பிறகு கணவர் என் மகளைத் தூக்கிப் பிடிக்கிறார். மூன்று வயது. கம்பளித் தொப்பி போட்டிருக்கிறாள். தன் சின்னக் கைகளில் அரிசியோடு அவளும் பானைக்கு மேலே சுற்றுகிறாள்.

ஒரு பையன் எழுந்து நின்று தன் மேசைக்கு மேலே கையைச் சுற்றினான். இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். ஆசிரியை உள்ளே போய் விளக்கைப் போட்டு, "ஓ, இது உங்கள் நாட்டு விழாவா? எவ்வளவு அழகு! என்ன சமைக்கிறீர்கள்?" என்று என்னைக் கேட்டார்.

எனக்குப் பதில் வரமுதல் ஒரு பிள்ளை, "ஆட்டுக்குட்டியை!" என்றது.

எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியையும் சிரித்துவிட்டார். அது அவருக்குக் கெட்ட சிரிப்பாகப் படவில்லை, பிள்ளையின் பகிடி என்று நினைத்தார். நானும் சிரித்தேன். முன் வரிசையில் என் மகள் திரையைப் பார்த்தபடி இருந்தாள். திரும்பி என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் அவள் எனக்கு நாலு அடி முன்னால் நடந்தாள்.

விடுமுறை முடிந்தால் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். பிள்ளைகள் எதை மறப்பார்கள், எதை வைத்திருப்பார்கள் என்று யார் கண்டது. ஆசிரியை அந்தக் கசெட்டைக் கொஞ்ச நாள் வகுப்பில் வைத்திருக்கலாமா என்று கேட்டிருந்தார். நான் ஓம் என்றுவிட்டேன். மழை பெய்து பிள்ளைகள் முற்றத்துக்குப் போக முடியாத இடைவேளைகளில் அதைப் போடுவார்கள். அந்த ஊரில் மழை பெய்யாத நாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பொங்கல் தொடங்கமுதல் ஆசிரியை நிறுத்திவிடுவார். அவர் கோப்பி குடிக்கப் போயிருந்தால் பிள்ளைகள் ஓடவிடுவார்கள்.

மகள் வந்து முறையிடுகிற பிள்ளை இல்லை. ஒவ்வொன்றாகத்தான் தெரியவந்தது. முதலில், சாப்பாட்டுப் பெட்டிக்குள் சோறு வைக்க வேண்டாம் என்றாள். பிறகு, என்னைத் தலைமுடியை விரித்துக்கொண்டு பாடசாலைப் பக்கம் வர வேண்டாம் என்றாள். நான் எந்தக் காலத்தில் விரித்துக்கொண்டு வந்தேன்? ஒரு நாள் குளிக்க வார்க்கும்போது கேட்டாள்.

"அம்மா, நாங்கள் முந்தி ஆரையாவது சாப்பிட்டனாங்களோ?"

"என்ன பிள்ளை விசர்க் கதை கதைக்கிறாய்?"

"அவை கேக்கினம். நான் இல்லை எண்டு சொன்னனான். அப்ப ஏன் சுத்தினனீ எண்டு கேக்கினம். நான் நடந்து போகேக்க என்ரை தலைக்கு மேல கையைச் சுத்தினம்." தண்ணீரைக் கையால் அளைந்தபடி சொன்னாள். "அந்தக் கசெட்டைத் திருப்பி வேண்டிக்கொண்டு வாங்கோ, அம்மா. நான் வேற ஒண்டும் கேக்கேல்லை."

வேறொன்றும் அவள் கேட்கவில்லை என்பது உண்மைதான். பொம்மை கேட்டதில்லை, சைக்கிள் கேட்டதில்லை. நான் அவளைத் துவட்டிவிட்டு, நாளைக்கே வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். கானா நாட்டுப் பெண் வைத்துவிட்டுப் போன தேநீர்க் கோப்பை அப்போதுதான் எனக்குச் சரியாக விளங்கியது. படத்தில் இருந்தது யார் என்று அவளுக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிய இரண்டு வருடமும் ஒரு பிள்ளையும் தேவைப்பட்டது.

கணவரிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"கசெட்டைக் கேக்கிறதெண்டால் கேளும். ஆனால் ஏன் எண்டு கேட்டால் என்ன சொல்லப் போறீர்?"

"பிள்ளையைப் பகிடி பண்ணினம் எண்டு சொல்லுவன்."

"அப்ப அந்த மனுசி என்ன நினைக்கும்? தன்ரை வகுப்பைக் குறை சொல்லினம் எண்டு நினைக்காதோ? கடிதம் இன்னும் எழுதேல்லை. வகுப்பில ஒட்டிட்டாள் எண்டு எழுத வேண்டிய மனுசியிட்டைப் போய், ஒட்டேல்லை எண்டு நாங்களே சொல்லுறதோ?" சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கி, "கடிதம் வரட்டும். அதுவரைக்கும் நீர் ஒண்டும் கதைக்காதையும்," என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை. ஆனாலும் பெற்றோர் கூட்டம் வந்தபோது ஒரு முடிவோடுதான் போனேன். காரணம் சொல்லாமல், வீட்டில் தேவைப்படுகிறது என்று மட்டும் சொல்லி வாங்கிவிட வேண்டும். அந்த ஒரு ஜெர்மன் வசனத்தை இரண்டு நாளாகப் பாத்திரம் கழுவும்போது சொல்லிச் சொல்லிப் பாடமாக்கியிருந்தேன்.

அந்த வருடம் வகுப்பில் ஓர் இளம் பெண் பயிற்சி ஆசிரியையாக வந்திருந்தாள். கட்டை முடி, கையில் எப்போதும் குறிப்பெழுத ஒரு கொப்பி. என் வசனத்தைச் சொல்ல இடம் பார்த்துக்கொண்டு நான் இருக்க, அவள் எழுந்து நின்றாள். மழை இடைவேளைகளில் ஒரு கசெட் போடப்படுகிறது, அதில் கறுப்பு மனிதர்களைக் காட்டுமிராண்டிகளாகக் காட்டும் பழைய படம் ஒன்று உண்டு, இந்தக் காலத்தில் இதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது சரியா என்று பெற்றோர் யோசிக்க வேண்டும் என்றாள். அவளின் குரல் நடுங்கியது. சொல்ல ஏலாமல் நான் விழுங்கிக்கொண்டிருந்ததை, எனக்குச் சொந்தமில்லாத ஒருத்தி எழுந்து சொல்லிவிட்டாள்.

உடனே கூட்டம் சூடாகிவிட்டது. "நாங்கள் எல்லாம் இதைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். நாங்கள் என்ன கெட்டுப் போய்விட்டோமா?" என்றார் கராஜ் வைத்திருந்த ஒரு தகப்பன். படம் அந்தக் காலத்தைக் காட்டுகிறது, மறைப்பதைவிட விளக்கிச் சொல்வது நல்லது என்றாள் ஒரு தாய். விளக்கிச் சொல்ல மழை இடைவேளையில் யார் இருக்கிறார்கள் என்று பயிற்சி ஆசிரியை கேட்டாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு ஆட்டுக்குட்டிதான் தெரியும், இதெல்லாம் பெரியவர்களின் மூளையில் இருக்கும் அழுக்கு என்றார் அந்தத் தகப்பன். எல்லோரும் நன்றாகக் கதைத்தார்கள். பொங்கலைப் பற்றியோ என் மகளின் தலைக்கு மேல் சுற்றும் கைகளைப் பற்றியோ ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அப்போது வகுப்பாசிரியை என் பக்கம் திரும்பினார். அவரின் முகம் சிவந்திருந்தது. பாவம், அவருக்கு மனம் நொந்திருந்தது. முப்பது வருடம் பிள்ளைகளுக்காக உழைத்த மனிதர், நேற்று வந்த ஒருத்தியிடம் இதைக் கேட்க வேண்டி வந்துவிட்டதே என்ற வருத்தம். "இது உண்மையில் இந்த அம்மா அன்போடு தந்த கசெட்," என்றார். "நாம் எல்லோரும் ஊகித்துக்கொண்டிருப்பதை விட அவரிடமே கேட்போம். சொல்லுங்கள், இந்தப் படம் உங்களைப் புண்படுத்துகிறதா?"

இருபது முகங்கள் என்னைப் பார்த்தன. பயிற்சி ஆசிரியையும் பார்த்தாள். அவளின் கண் என்னைக் கெஞ்சியது. நான் ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல்லுக்கு இலக்கணம் தேவையில்லை, நான் பாடமாக்கிய வசனமும் தேவையில்லை. ஆனால் ஓம் என்றால் இந்த நல்ல மனுசி இத்தனை பேருக்கு முன்னால் குற்றவாளி ஆகிவிடுவார். அவர் எழுத வேண்டிய கடிதம் என் கண்ணுக்கு முன்னால் நின்றது. அதோடு, ஓம் என்றால் அந்தப் பானைக்காரர் நாங்கள் என்று நானே என் வாயால் ஒத்துக்கொண்டதாகிவிடும் என்றும் ஒரு நினைப்பு ஓடியது. அதை நான் மறைக்க மாட்டேன். எங்களை இல்லைத் தானே.

என் வாய் சிரித்தது. "இல்லை, இல்லை. பிரச்சினை இல்லை," என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "நல்ல படம். என் மகளுக்கு மிகவும் பிடிக்கும்," என்றும் சொன்னேன்.

கூட்டம் மூச்சு விட்டது. கராஜ்காரர் என் முதுகில் தட்டினார். ஆசிரியை தன் கையை என் கையின் மேல் வைத்தார். பயிற்சி ஆசிரியை உட்கார்ந்து கொப்பியை மூடினாள். அடுத்து வகுப்புச் சுற்றுலாவுக்கு எந்த மிருகக்காட்சிச்சாலை என்று கதைக்கத் தொடங்கினார்கள். கசெட்டைத் திருப்பித் தாருங்கள் என்று இனி எந்த வாயால் கேட்பேன்? வெறும் கையோடு வீட்டுக்கு வந்தேன். மகள் படுத்திருந்தாள். அவளுக்குப் பொய் சொன்னேன், கேட்க மறந்துவிட்டேன் என்று.

அந்தப் பொய் இரண்டு நாள்தான் ஓடியது. மூன்றாம் நாள் பாடசாலையில் இருந்து வந்து, புத்தகப் பையைக் கழற்றி, சப்பாத்தை ஒழுங்காக வைத்துவிட்டுக் குசினி வாசலில் நின்றாள்.

"அம்மா, எனக்கு அந்தப் படம் நல்ல விருப்பம் எண்டு நீங்களோ சொன்னனீங்கள்?"

நான் கறியைக் கிளறிக்கொண்டிருந்தேன். "ஆர் சொன்னது?"

"ரீச்சர். எல்லாருக்கும் முன்னால சொன்னவ. உங்கட அம்மாவே பிரச்சினை இல்லை எண்டு சொல்லிட்டா எண்டு."

ஓம் என்றேன். கடிதத்தைப் பற்றியும் விசாவைப் பற்றியும் சொல்லத் தொடங்கினேன். ஏழு வயதுப் பிள்ளைக்கு அதை எப்படிச் சொல்வது? அவள் கடைசிவரை மரியாதையாகக் கேட்டாள். அழுதிருந்தால், கத்தியிருந்தால், ஏதாவது ஒன்றைத் தூக்கி எறிந்திருந்தால் எனக்குப் பரவாயில்லாமல் இருந்திருக்கும். "சரி அம்மா," என்றுவிட்டுக் கை கழுவப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் பாடசாலையைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. எப்படிப் போனது என்று கேட்டால், நல்லாய்ப் போனது என்பாள். பொங்கலன்று அவளை அரிசி போடக் கூப்பிட்டால் வயிற்றுக்குத்து என்று படுத்துக்கொள்வாள். ஆசிரியையின் கடிதம் வந்தது. ஒரு பக்கம் முழுக்க நல்லது எழுதியிருந்தார். பிள்ளை வகுப்பில் முழுமையாக ஒட்டிவிட்டாள், வீட்டுக்கும் பாடசாலைக்கும் நல்ல உறவு இருக்கிறது என்று. வழக்கறிஞர் வாசித்து மகிழ்ந்தார். அந்தக் கடிதத்தால்தானோ வேறு எதனாலோ, அடுத்த வருடம் எங்களுக்கு இரண்டு வருட விசா கிடைத்தது. கணவர் கேக் வாங்கி வந்தார். நான் தின்றேன். தொண்டைக்குள் இறங்கியது. இறங்காமல் நின்றிருந்தால் என்னைப் பற்றிக் கொஞ்சம் நல்லதாக நினைத்திருப்பேன்.

பயிற்சி ஆசிரியை பயிற்சி முடிந்து போய்விட்டாள். போகமுதல் ஒரு நாள் பாடசாலை வாசலில் என்னைக் கண்டாள். வணக்கம் சொன்னாள், நானும் சொன்னேன். அவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். நான் நடையைக் கூட்டினேன். இரண்டு பெண்களை விட்டு விலகிப் போயிருக்கிறேன் என் வாழ்க்கையில், இரண்டு பேரும் என்னை விடச் சரியாக இருந்தவர்கள்.

நாலாம் வகுப்பு முடிந்தது. அதோடு பிள்ளைகள் வெவ்வேறு பாடசாலைகளுக்குப் பிரிந்து போவார்கள். மண்டபத்தில் பிரியாவிடை விழா. பெற்றோர் எல்லாம் வந்திருந்தார்கள். கணவரும் வேலைக்கு லீவு போட்டு, கழுத்துப்பட்டி கட்டி வந்திருந்தார். பிள்ளைகள் நாலு வருடத்தில் மறக்க முடியாதவற்றைச் சின்னச் சின்ன நாடகமாக நடித்தார்கள். பஸ்ஸைத் தவறவிட்டது, ஆசிரியையின் கண்ணாடி காணாமல் போனது. எல்லாவற்றுக்கும் கை தட்டினோம்.

கடைசியில் மழை இடைவேளை என்று அறிவித்தார்கள். மேடைக்கு நடுவில் பெரிய பானை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பையன் ஆட்டுக்குட்டியாக வந்து அதற்குள் ஏறிக் குந்தினான். பிறகு என் மகள் வந்தாள். பச்சைக் கடதாசியில் பாவாடை. இடுப்புவரை தலைமுடியை விரித்துவிட்டிருந்தாள், எலும்பு ஒன்றைக் கடதாசி மட்டையில் வெட்டித் தலையில் குத்தியிருந்தாள். இரண்டு கைகளையும் ஏந்தி, பானைக்கு மேலே மூன்று தரம் சுற்றினாள். அச்சொட்டாக நான் சுற்றுவது போலவே, அதே குனிவு, அதே மணிக்கட்டுத் திருப்பம். பிறகு நிமிர்ந்து தொண்டை கிழியக் கத்தினாள், "பொங்கலோ பொங்கல்!"

மண்டபம் அதிர்ந்தது. அன்று முழுக்க அவ்வளவு பெரிய கைதட்டு வேறு யாருக்கும் கிடைக்கவில்லை. ஆசிரியை கண்ணைத் துடைத்தபடி என்னிடம் குனிந்து, "வகுப்பில் வாயே திறக்காமல் இருந்த பிள்ளை. எவ்வளவு துணிச்சல் வந்துவிட்டது பாருங்கள்," என்றார். கணவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கை தட்டினேன். எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டினேன், எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை.

அவள் பாவாடையோடு இறங்கி வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கினாள். முகம் வியர்த்து ஒளிர்ந்தது. நான் அவளின் தலையில் இருந்த மட்டை எலும்பைக் கழற்றப் போனேன். அவள் தலையை விலக்கிக்கொண்டாள்.

"ஏன் பிள்ளை இப்பிடிச் செய்தனீ?" என்று கேட்டேன்.

"நான் தான் ரீச்சரிட்டைக் கேட்டனான், நான் செய்யிறன் எண்டு. இனி ஒருத்தரும் என்னைச் செய்து காட்ட ஏலாது, அம்மா. நானே செய்து போட்டன்." பத்து வயது. வியாபாரம் ஒன்றை நல்லபடியாக முடித்தவர் கதைக்கிற மாதிரிக் கதைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, மூன்று வருடத்தில் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நீங்கள் கனநேரம் கை தட்டினனீங்கள். நான் மேல நிண்டு பாத்தனான்," என்றாள். குற்றம் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.